சுருதி பார்த்த வைத்தியர்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்த மகன் ஸ்டெதாஸ்கோப்பைக் கொல்லைக் கொடியில் மாட்டிவிட்டு, 'வேறு வேலை பார்க்கிறேன்' என்கிறான். டாக்டருக்கு வேறென்ன வேலை தெரியும்? (பாபநாசம் வாசகர்)

பதில்: தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் ஆபிரகாம் பண்டிதர் கதையைச் சொல்லுங்கள். சித்த வைத்தியர். நாடி பார்த்த கையாலேயே கரும்பும் நட்டார், வீணையும் மீட்டினார். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி மாநாடுகள் நடத்தினார். 1917-இல் தலையணை கனத்தில் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலைப் போட்டார். ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற வித்வான்களோடு, இல்லை 24 என்று மல்லுக்கு நின்றார். உங்கள் பிள்ளை ஓடுவது 24 மணி நேர டியூட்டிக்குப் பயந்துதானே?

ஒன்று மட்டும்: பண்டிதர் வைத்தியத்தை விடவில்லை. மாநாட்டுச் செலவெல்லாம் மருந்து விற்ற காசு. கொடியில் இருப்பதை மழைக்கு முன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.