ஒன்பதுகளின் இலக்கணமும் ஒண்டுக்குடித்தனமும்: மத்தூரிலிருந்து ஓர் ஆய்வு

வலைத்தளம் என்பது யாதெனின், அடுத்தவர் கம்ப்யூட்டரில் நாம் குடியிருப்பது. அதற்கான வாடகையே ஹோஸ்டிங். வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதைக் குடிபோகுமுன் அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்காக மத்தூரில் மூன்றாண்டு கள ஆய்வு நடந்தது. ஆய்வுப் பொருள், சந்தூரில் ஒட்டுமாங்கன்று விற்கும் என் மாமாவின் தளம். ஆய்வாளர், அதைச் செய்துகொடுத்த பாவத்துக்கு நான்.

முதற்கண் ஒன்பதுகளின் இலக்கணம். தளம் 99 விழுக்காடு நேரம் எழுந்து நிற்கும் என்றால், ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் படுத்துக்கொள்ளலாம் என்று பொருள் கொள்க. 99.9 என்றால் எட்டே முக்கால் மணி நேரம். 99.99 என்றால் 53 நிமிடம். அந்த எட்டே முக்கால் எப்போது வரும் என்பது பற்றி விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு அது ஆடி மாத ஞாயிறு ஒன்றில் வந்தது. போச்சம்பள்ளிச் சந்தைக்கு வந்தவர்கள் கன்று விலை பார்க்கப் போனை எடுத்த நேரம்.

"என்னா மாப்ளே, கடை தொறந்துதான கெடக்கு, போன்ல மட்டும் சாத்தியிருக்குதாமே?" என்றார் மாமா.

நிறுவனத்துக்கு (பெயர் எதற்கு, பாவம்) புகார் எழுதினேன். நஷ்ட ஈடாக மாத வாடகையில் ஏழு ரூபாய் கழித்தார்கள். மாமா அதைத் தொட மறுத்துவிட்டார்.

அடுத்து, ஒண்டுக்குடித்தன இயல். மலிவுத் திட்டங்களில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும், குழாய் ஒன்றுதான். பக்கத்துப் போர்ஷனில் கல்யாணம் என்றால் நம் குடம் நிறையாது. 'அன்லிமிடெட்' என்பது அன்லிமிடெட் மீல்ஸ் போன்றது. மூன்றாம் தடவை சோறு கேட்டால் பரிமாறுபவர் முகம் மாறும்.

தூரமும் கணக்கில் வரும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஊத்தங்கரைக்காரர் சந்தூர்க் கன்றைப் பார்க்க அமெரிக்கா வரை ஏன் போய்வர வேண்டும்? சர்வர் மும்பையில் இருந்தால் போதும்.

வீடு சரியாக இருந்தும் வாசல் பலகை, அதாவது டொமைன் பெயர், பறிபோவதும் உண்டு. 2018 செப்டம்பர் 24 அன்று நம் மென்பொருள் நிறுவனம் சோஹோவுக்கே அது நேர்ந்தது. மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காட்டி டொமைன் பதிவாளர் முகவரியை முடக்கிவிட, அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்னும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது சுமார் 36 லட்சம் தளங்கள் இருண்டன. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு இரண்டும் போயிற்று. வைக்கோற்போரைத் தொழுவத்தை ஒட்டிப் போடக்கூடாது என்பது மத்தூரில் எல்லோருக்கும் தெரியும்.

எனவே எம் ஆய்வு முறை வருமாறு: பணம் கட்டுமுன் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் போன் செய்க. வேகம், இடம் எதையும் கேட்க வேண்டாம். "நான் காலி செய்தால் என் சாமான்களை எப்படித் தருவீர்கள்?" என்று மட்டும் கேட்க. நான்கு இடங்களில் கேட்டோம். மூன்றில் பாட்டுதான் கேட்டது. நான்காவதில் ஒரு பையன் தூக்கக் குரலில், "பேக்கப்ப நீங்களே எறக்கிக்கலாம் சார், டொமைன் உங்க பேர்லயே இருக்கட்டும்" என்றான். அங்கேயே குடிபோனோம்.

டொமைன் இப்போது மாமா பெயரில் இருக்கிறது. பேக்கப் உள்ள பென் டிரைவ் கல்லாப்பெட்டியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.