முப்பத்தைந்து நாள் மாதம்

சாஃப்ட்வேர் கம்பெனியில் விற்பனை வேலை என்றால் ஆஃபர் லெட்டரில் ஒரு சம்பளம் இருக்கும், கைக்கு இன்னொன்று வரும். நடுவே நிற்பது டார்கெட். போன வருஷம் அதை எட்டியவருக்குக் கைதட்டல் உண்டு. கூடவே இந்த வருஷ டார்கெட்டும் ஏறும், நல்ல வாடிக்கையாளர்கள் இருக்கும் ஏரியா வேறொருவருக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை மாலை ரிவ்யூ கால். "இது மாசக் கடைசிக்குள்ள முடியுமா?" என்பார் மேனேஜர். முடியும் என்றால், "அப்ப இன்னும் ரெண்டு சேர்த்துக்குங்க." முடியாது என்றால், "உங்களுக்கே நம்பிக்கை இல்லையே!" கையெழுத்துப் போட வேண்டிய வாடிக்கையாளரோ குடும்பத்தோடு திருப்பதி போயிருப்பார்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மாதத்தையே நீட்டிவிடுவது. கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனம் காலாண்டு முடிந்த பிறகும் கணக்கை மூடாமல் வைத்து, பிந்தி வந்த ஒப்பந்தங்களுக்கு முன்தேதி போட்டது. 'முப்பத்தைந்து நாள் மாதம்' என்றே அதற்குப் பெயர். 2006-இல் இந்த மோசடி வழக்கில் நிறுவனத்தின் முன்னாள் தலைவர், கொழும்பில் பிறந்த சஞ்சய் குமாருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை. விற்பனைத் தலைவராக இருந்தவருக்கு 7 ஆண்டு. (இவற்றுக்கு முன்தேதி போட முடியவில்லை.)

கீழே ஓடி ஓடி விற்பவருக்கு இந்த வித்தையாலும் லாபம் இல்லை. ஐந்து நாள் வியாபாரத்தைப் பழைய கணக்கு விழுங்கிவிட்டால், அடுத்த காலாண்டு ஐந்து நாள் கடனோடுதான் பிறக்கும். டார்கெட் மட்டும் முழுசாகவே இருக்கும்.