ஆண்டர்சன்பேட்டையில் நனிசைவம்: சில அவசர யோசனைகள்

ஃபாஸ்ட் ஃபுட் வண்டி முன்னால் நின்றுகொண்டு 'வீகன்' என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டு, "பேக்கனா? அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோட போச்சு தம்பி. சிக்கன் போடட்டா?" என்றார். சரி, நல்ல தமிழில் கேட்போம் என்று 'நனிசைவம்' என்றேன். பக்கத்தில் பார்சலுக்கு நின்றவர் மாஸ்டருக்கு விளக்கம் சொன்னார்: "மாலை போட்டிருக்காரு போல."

மறுக்காதீர்கள். கோலார் தங்கவயலின் இந்த ஆண்டர்சன்பேட்டையில் பெங்களூர்க் கொள்கைக்கு மரியாதை கிடைக்காது, மாலைக்குக் கிடைக்கும். மாலை போட்ட ஆள் என்றால் சட்டியைக் கழுவுவார்கள். ஆனால் ஐயப்பன் பாலையும் நெய்யையும் தடுத்தவரில்லை. ஆகையால் மாலை உங்களைப் பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும். மீதியை நீங்களே நடக்க வேண்டும்.

அடுத்து, எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோலாலம்பூரில் கீரை வதக்கல் கேட்டால் அதற்குள் பெலாச்சான் இருக்கும். இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது அது. பாங்காக்கில் வெறும் முட்டைக்கோஸ் வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். அங்கே தப்பிக்க ஒரே ஒரு சொல் போதும்: 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்து பறக்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது; பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அதே சொல்லை ஆண்டர்சன்பேட்டையில் சொன்னால் எந்தக் கட்சிக்கு என்று கேட்பார்கள். மார்க்சிஸ்ட், ரிபப்ளிகன், அ.தி.மு.க. என்று மூன்றையும் கர்நாடக சட்டசபைக்கு அனுப்பிப் பார்த்த தொகுதி இது.

நல்ல செய்தி என்னவென்றால், நம் மாஸ்டர் மீன் சாறு பாட்டிலைக் கண்ணால் பார்த்ததில்லை. சிப்பி சாஸும் அவருக்கு அந்நியம். வண்டியில் 'சைனீஸ்' என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் சீனாவரை யோசிக்க வேண்டாம். மஞ்சூரி பிறந்ததே 1970களில் மும்பையில், நெல்சன் வாங் என்ற கொல்கத்தாச் சீனர் கையில், என்றுதான் கதை. சோயா சாஸ் பயறு. வினிகர் வினிகர். அஜினோமோட்டோவைப் பற்றி அத்தை ஆயிரம் சொல்வார், ஆனால் 1908-ல் ஜப்பானில் அதைப் பிரித்தெடுத்தது கடற்பாசியிலிருந்து. இப்போது கரும்புப் பாகு, மரவள்ளி மாவு ஆகியவற்றைப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள். அந்த வகையில் பாங்காக்கைவிட ஆண்டர்சன்பேட்டை பத்திரம் என்பது என் தீர்ப்பு.

சாஸ் பாட்டிலில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பாலுக்கும் பச்சைதான், தேனுக்கும் பச்சைதான். நனிசைவத்துக்கென்று தனி முத்திரை 2022 உணவு விதிகளில் வந்திருக்கிறது. வண்டி வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

உண்மையான எதிரி முட்டை. அது எங்கே ஒளிந்திருக்கும் என்று பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். எங்கள் அம்மா வீட்டு இரும்பு வாணலியைச் சீனச்சட்டி என்றுதான் சொல்வார். அதன் பெரியண்ணன் இங்கே அடுப்பில் இருக்கும். எக் ரைஸை இறக்கியதும் மாஸ்டர் ஒரு சொம்புத் தண்ணீரை வீசி, கரண்டியால் நாலு சுற்றுச் சுரண்டி, அழுக்குத் தண்ணீரை ஒரே வீச்சில் தரையில் தள்ளுவார். சட்டி பளபளக்கும். ஆனால் விளிம்புக்குக் கீழே, தண்ணீர் எட்டாத இடத்தில், மஞ்சளாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். உங்கள் நூடுல்ஸ் புரளும்போது அது உதிர்ந்து உள்ளே விழும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன், பசி.

"முட்டை வேண்டாம் அண்ணா" என்றால் போதாது. "முட்டை வெஜ்ஜுதானே தம்பி" என்று பதில் வரும், விவாதத்தில் இறங்கினால் பின்னால் நிற்பவர்கள் உங்களை அடிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: நூடுல்ஸ் முட்டை நூடுல்ஸா? கோபி மஞ்சூரிக்கு மாவு கரைக்கும்போது மைதா, சோளமாவு தவிர என்ன போட்டீர்கள்? சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே கோபியும் பொரிகிறதா? மூன்றாவது கேள்விக்கு மாஸ்டர் சிரித்தால், கோபியை மறந்துவிட்டு முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸுக்கு மாறிவிடுங்கள்.

கோபி வெளுத்திருக்கிறதே என்று வருந்தவும் வேண்டாம். கர்நாடக அரசு எடுத்துப் பார்த்த 171 கோபி மாதிரிகளில் 107-ல் ஆகாத செயற்கைச் சாயம் இருந்தது. 2024 மார்ச்சில் சாயத்துக்குத் தடை போட்டார்கள். அந்தச் சிவப்பு நனிசைவத்துக்கு விரோதமில்லை, உடம்புக்குத்தான் விரோதம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊர் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறது. ராத்திரி மாரிக்குப்பம் ரயில் வந்து நின்றதும் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். "ரெண்டு எக் ரைஸ், ஒரு சிக்கன் நூடுல்ஸ், காரம் ஜாஸ்தி" என்று குரல்கள் பறக்கும். பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவர்களிடம் உங்கள் கொள்கையை விளக்க அது வேளை இல்லை.

ஆகவே மாஸ்டர் அடுப்பைப் பற்றவைக்கும்போதே போய் நில்லுங்கள். சட்டி வீட்டிலிருந்து துலக்கி வந்திருக்கும், எண்ணெய் புதிது, முட்டை அட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை. முதல் பிளேட் உங்களுடையது. சாப்பிட்டு முடித்ததும் பக்கத்துக் கடைப் பையன் கேட்காமலேயே டீ கொண்டுவருவான். அதில் பால் இருக்கும். வரட்டீ என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.