கூழுக்கு ஒரு தீர்மானம் போடு தம்பி

வா தம்பி, திண்ணையில உக்காரு. ஊராட்சித் தேர்தல்ல நிக்கப் போறியாமே? ஜெயிச்சா ஊர்க்காரங்க உடம்பைத் தேத்திடுவேன்னு வேற சொல்லிட்டுத் திரியிறியாம். நல்லது. மொதல்ல கையில இருக்கிற பஜ்ஜியக் கீழ வை.

நம்ம குயிலாப்பாளையம் ரோட்டைப் பாரு. ஆரோவில்லுக்குக் கடல் தாண்டி வர்ற வெள்ளைக்காரன் வரகுச் சோறும் கேழ்வரகுக் களியும் தேடித் திங்கிறான். நம்ம பசங்க பீட்சா எங்க கிடைக்கும்னு வண்டியில சுத்துறானுங்க. எங்க காலத்துல கம்பங்கூழு குடிச்சவன் ஏழை. இப்ப அதையே கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெலைய ஏத்தி வச்சா, குடிக்கிறவன் பணக்காரன். 2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிச்சு. நீ கூட்டுற கிராம சபையில கிரீம் பிஸ்கட்டு குடுத்து மானத்த வாங்கிடாத.

பஞ்சாயத்தால இன்னா ஆகும்னு இழுக்காத. 1920-ல சென்னை மாநகராட்சியில பிட்டி தியாகராயர் தலைவரா இருந்தாரு. ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு மத்தியானச் சோறு போடணும்னு தீர்மானம் போட்டாங்க. புள்ளைக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. 1956-ல காமராஜர் போட்ட சோத்துக்கும், 1982-ல எம்.ஜி.ஆர். கொண்டாந்த சத்துணவுக்கும், 2022-லேர்ந்து காலையில வேகுற கிச்சடிக்கும் அந்த ஒரு அணாதான் தாத்தன். டெல்லிக்காரன் போட்ட தீர்மானமில்லப்பா அது. தண்ணிக் குழாயும் குப்பை வண்டியும் பாத்துக்கிட்டிருந்த உள்ளாட்சி போட்டது.

உனக்கு அந்த அணாகூட வேணாம். ஊராட்சிக் கடைய வாடகைக்கு விடறப்ப, ஒண்ண மகளிர் குழுவுக்குக் கொறச்ச வாடகைக்கு விடு; கூழும் சுண்டலும் விக்கட்டும். ஏரிக்கரையில முருங்கை வை. ஒடிச்சு நட்டாலே தழைக்கிற மரம், காண்ட்ராக்டரே வேணாம். அதனாலதான் அத நடணும்னு ஒருத்தனுக்கும் தோணல போல!

அப்புறம் உப்பு. மரக்காணத்து அளத்துல சனங்க வெயில்ல வெந்து வார்றத, நாம நோகாம வாயில கொட்டிக்கிறோம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள்ளதான் இருக்கணுமாம், உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சின்னக் கரண்டியில ஒரு கரண்டி. ஊறுகா ஜாடியில கெடக்கிற கரண்டி இல்ல. இத மைக்குல முழங்காத, உப்பளத்துக்காரனுக்கும் ஓட்டு இருக்கு. பலகாரக் கடைக்காரனத் தனியாக் கூப்பிட்டு, கையக் கொறைன்னு காதுல சொல்லு.

எங்க வீட்டு மருமக காதுல மட்டும் போட்டுடாத. இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு.