சினிமா என்றால் வாய் திறக்கும்
கேள்வி: மாறுவேடத்தில் போய் ஊழலைப் பிடிக்கும் பெண் நிருபர் சினிமாவில் மட்டும்தானா?
– வாசகி, மின்னி பே, அந்தமான்

பதில்: நிஜத்திலும் உண்டு. 1888-ல் அமெரிக்க நிருபர் நெல்லி பிளை, மருந்து வியாபாரியின் மனைவியாக நடித்து, காசு வாங்கி மசோதாவைக் கவிழ்க்கும் நியூயார்க் மாநிலத் தரகரை அம்பலப்படுத்தினார். நம் நாட்டில் ராணா அய்யூப். 2010-ல் குஜராத்தில் 'மைதிலி தியாகி' என்ற பெயரில், அமெரிக்காவிலிருந்து படமெடுக்க வந்தவராக அதிகாரிகளிடம் பேச்சுக் கொடுத்தார். தேடியது லஞ்சத்தை அல்ல. அங்கு நடந்த கலவரத்தின், போலி என்கவுன்டரின் பின்னணியை. நிருபர் என்றால் வாயைப் பூட்டுகிறவர்கள், சினிமா என்றதும் சாவியையே நீட்டுகிறார்கள்! அந்தப் பேச்சுகளை 2016-ல் சொந்தமாகவே புத்தகமாகப் போட்டார். 2019-ல் உச்ச நீதிமன்றம், அந்தப் புத்தகத்தை 'யூகம், சாட்சியமாகாது' என்றது.

மின்னி பேயில் நீங்கள் முயன்றால், "என்னம்மா புது வேஷம், நாடகமா?" என்று டீக்கடையிலேயே கேட்டுவிடுவார்கள்.