பக்கெட்டில் புரண்ட பனிப்பாறை

நான் நேரில் பார்த்ததிலேயே பெரிய பனிக்கட்டி, தருமபுரியில் மீன் வண்டிக்காரர் சாக்கைப் பிரித்து உருவிய ஐஸ் பார்தான். ஆனாலும் ‘இது பனிப்பாறையின் நுனி மட்டுமே’ என்று முடிக்காமல் நான் கட்டுரை எழுதியதில்லை. மணல் கடத்தலா, பனிப்பாறை. பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்ததா, அதற்கும் பனிப்பாறை. 1912-இல் டைட்டானிக்கை மூழ்கடித்த பாறைகூட இவ்வளவு உழைத்திருக்காது.

“நுனின்னா மிச்சம் எவ்வளவு மாமா?” என்றாள் அக்கா மகள். பத்தில் ஒன்பது பங்கு தண்ணிக்குள்ளே என்றேன். காட்டச் சொன்னாள். உயரமான எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, உப்புக் கரைத்த பக்கெட்டில் நெட்டுக்குத்தாக இறக்கினேன். கையை எடுத்ததுதான் தாமதம், சாய்ந்து புரண்டு எருமை மாதிரி படுத்துக்கொண்டது. பிறகு தேடிப் படித்தால், கடலிலும் அப்படித்தானாம். ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும் பாறை நிலைக்காது, அகலவாக்கில்தான் மிதக்கும். மேலே சின்னக் கூம்பு, கீழே செங்குத்தாக இறங்கும் நீல மலை என்று சுயமுன்னேற்ற வகுப்புகளில் காட்டுகிறார்களே, அந்தப் படம் ஆசைக்கு ஒட்டவைத்தது. நான் அதைக் காட்டாத மேடை இல்லை.

இது வீட்டோடு போயிற்று. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஃப்ளோரைடு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். உவமை நிஜமாகவே பொருந்துகிற இடம் அது. கெட்டிப் பாறை இடுக்கில் காலங்காலமாகக் கிடக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்து ஏறும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பல் உருவாகும் வயதில் குடித்த பிள்ளைக்குப் பழுப்புக் கறை விழும். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். எலும்பிலும் மூட்டிலும் படிவது, கழுத்து திரும்பாமல், குனிய முடியாமல் போகும்வரை தெரியாது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-இல் திறந்ததே இதற்காகத்தான்.

இதுவரை ஒழுங்காகப் பேசினேன். கைதட்டல் ஆசையில், “போர் தண்ணியைக் காய்ச்சிக் குடியுங்கள்” என்று சேர்த்ததுதான் வினை. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். பக்கத்திலிருந்த செவிலியர் இதைக் காதோடு சொன்னார். மைக்கில் திருத்திச் சொல்ல வாய் திறந்தேன்.

அதற்குள் முன்வரிசைப் பாட்டி, “ஏப்பா, உன் பல்லுலயும் அந்தக் கறைதானே?” என்றார்.

“வெத்தலைக் கறை பாட்டி.”

வெற்றிலையை நான் கல்யாண வீட்டில்கூடத் தொடுவதில்லை. பாட்டி நம்பியதாகவும் தெரியவில்லை. எங்கள் போர் தண்ணியை எங்கே கொடுத்துப் பார்ப்பது என்று அடுத்த கேள்வியைப் போட்டார். நான் தொண்டையைச் செருமினேன்.

“குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல குடுங்க பாட்டி. கண்ணாடி பாட்டில் வேண்டாம், கழுவின பிளாஸ்டிக் பாட்டில்ல புடிச்சிட்டுப் போங்க. காய்ச்சினா இது போகாது” என்றார் செவிலியர்.

மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.