நம்மாள் அரக்கனானபோது

ஏழடி தாண்டிய மலைக்கும் ஐந்தரை அடிப் பொடியனுக்கும் சண்டை என்றால் தர்மம் யார் பக்கம்? பெங்களூர் அல்சூரில், மல்யுத்த வீரர்களின் அளவுகளை ஒப்பிட்டு எதிராளியின் சீட்டைப் பிடுங்கும் ட்ரம்ப் கார்டு ஆடி வளர்ந்த எந்தப் பையனும் யோசிக்காமல் பொடியன் பக்கம் என்பான். (கார்டு ஆடும்போது மட்டும் ‘உயரம்’ என்று கேட்டு அதே பொடியனைப் பிடுங்கிக்கொள்வான். அது வேறு கணக்கு.)

2006 மே மாதம் இந்தத் தர்மத்துக்குச் சோதனை வந்தது. ஏப்ரலில் WWE மல்யுத்தத்தின் ரெசில்மேனியாவில் உலகப் பட்டம் வென்றிருந்த பொடியன் ரே மிஸ்டீரியோவை, அதன் வாராந்தர டிவி நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் மலை போன்ற கிரேட் காளி துவைத்துக் காயப்போட்டார். ரே கயிற்றைப் பிடித்துச் சுழன்று முகத்தில் உதைக்கும் 619 வித்தைக்கு எதிராளி முதலில் குனிய வேண்டும். காளியோ மேல்கயிற்றை வாசல்படி போலத் தாண்டி வருகிறவர்.

ஆனால் காளி யார்? இமாசலத்தில் பிறந்து பஞ்சாப் போலீஸில் இருந்த தலீப் சிங் ராணா. நம்மாள்! அதை ஒளிபரப்பிய டென் ஸ்போர்ட்ஸ் சேனல் முன்னால் உட்கார்ந்திருந்த நியாயவான்கள் ஒரே ராத்திரியில் கட்சி மாறினார்கள். “சின்னவனுக்குத் திமிர் அதிகம்பா” என்று புதுத் தீர்ப்பும் வந்தது.

இத்தனைக்கும் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்து ஆடும் ஆட்டம் அது. யாரும் எழுதிக் கொடுக்காமல் நடித்தது நாம் மட்டும்தான்.